மாத்திரைக்குள் எந்த மாவு?

ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பி, வெள்ளிக் காகிதத்தில் பொடியாக அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். நிறமி ஏதாவது சேர்த்திருந்தால் அதன் பெயரும் இருக்கும். அவற்றோடு 'எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.' என்று ஒரு சொற்றொடர். மருந்தல்லாத துணைப்பொருள்கள் தேவையான அளவு சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று போடுவோமே, அந்த மாதிரி. என்ன பொருள்கள், எவ்வளவு என்ற விவரம் கிடையாது.

அந்தத் 'தேவையான அளவு' சின்ன அளவல்ல. தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்சின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 50 மைக்ரோகிராம் மருந்துள்ள ஒரு மாத்திரை 100 மில்லிகிராம் எடை இருந்தால், அதில் 2,000-ல் ஒரு பங்குதான் மருந்து. மிச்சமெல்லாம் துணைப்பொருள். மருந்தை மட்டும் தனியாக உள்ளங்கையில் வைத்தால் கண்ணுக்குப் படுவதே கடினம். விரலால் பிடித்து எடுக்கவும், இயந்திரத்தில் அழுத்தவும், வயிற்றுக்குள் போனதும் உடையவும் அதற்கு ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பைப் பெரும்பாலும் சர்க்கரைகளும் மாவுச்சத்தும்தான் தருகின்றன.

எந்த மாவு என்று நம்மில் பெரும்பாலோர் கேட்க வேண்டியதில்லை. சீலியாக் நோய் உள்ளவர்கள் கேட்டாக வேண்டும். அது கோதுமை மாவாக இருந்தால், அதில் குளூட்டன் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கழுவினால் மிஞ்சும் பசை

குளூட்டனைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கை மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு குழாயைச் சிறிதாகத் திறந்து, அதனடியில் மாவைப் பிடித்துப் பிசைந்துகொண்டே இருங்கள். பால் போல வெள்ளை நீர் வடியும். அது மாவுச்சத்து. நீர் தெளிந்ததும் கையில் ரப்பர் மாதிரி இழுபடும் பழுப்புப் பசை ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்ற புரதம். இத்தாலியில் போலோன்யா நகரத்து அறிஞர் யாக்கோபோ பெக்காரி 1728-ல் இப்படித்தான் கோதுமை மாவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். கோதுமையிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் தொழிற்சாலைகள் இன்றும் செய்வது அடிப்படையில் இதே வேலைதான். பசையை ஒதுக்கி, வெள்ளை நீரைப் படியவிட்டு, சுத்தம் செய்து, உலர்த்துகிறார்கள். எவ்வளவு கழுவினாலும் புரதத்தின் சுவடு கொஞ்சம் தங்கிவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தச் சுவட்டைப் பற்றியதுதான்.

குளூட்டன் புரதங்களில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிகுதி. நம் செரிமான நொதிகளால் அவற்றை முழுதாக வெட்ட முடியாது. 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு வயிற்றையும் கடந்து சிறுகுடல் வரை உடையாமல் போய்ச் சேருவதை 2002-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரும்பாலான மனிதர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. எச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு மட்டும், நோய்த்தடுப்பு மண்டலம் இந்தத் துண்டைப் பகையாளியாக எடுத்துக்கொள்கிறது. குடல் திசுவில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டைச் சற்றே மாற்றியமைக்க, தாக்குதல் இன்னும் கூர்மையாகிறது. சண்டையில் சேதமாவது குடலின் உட்சுவர்தான். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. இதுதான் சீலியாக் நோய். இரும்பு, கால்சியம், வைட்டமின்கள் உள்ளே ஏறுவதில்லை. வயிற்றுப்போக்கு இருக்கலாம்; அது இல்லாமல், தீராத ரத்தசோகையாக மட்டுமே நோய் வெளிப்படவும் செய்யும். கோதுமைதான் காரணம் என்பதை ஹாலந்துக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-ல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுள் முழுக்க விலக்குவதுதான் இன்றைக்கும் சிகிச்சை.

'அது வடநாட்டு நோய்' என்று தமிழ்நாட்டில் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஹரியானா, அசாம், வேலூர் வட்டாரங்களில் ஏறத்தாழ 23,000 பெரியவர்களைச் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், சீலியாக் நோய் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம் என்று தெரியவந்தது. ஆனால் நோய்க்கு இடம்தரும் மரபணு வகை வடக்கே 38 சதவீதம் பேரிடம் என்றால், தெற்கே 36 சதவீதம் பேரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். நாளொன்றுக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். இட்லியும் சோறும் சாப்பிடும் வரை நமக்குத் தெரியாமலிருக்கும் ஒன்று, இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறும் தலைமுறையில் வெளியே வரலாம்.

துணைப்பொருள் சும்மா இருப்பதில்லை

மாத்திரையில் ஸ்டார்ச் மூன்று வேலை பார்க்கும். எடையைக் கூட்டும், கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால் தூளை ஒட்டவைக்கும், உலர்ந்த நிலையில் சேர்த்தால், வயிற்றில் ஈரம் பட்டதும் உப்பி மாத்திரையை உடைக்கும். உலகெங்கும் மருந்துக்கு அதிகம் பயன்படுவது மக்காச்சோள ஸ்டார்ச். உருளைக்கிழங்கு, அரிசி ஆகியவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். சேலம், நாமக்கல் ஆலைகளில் அரைபடும் மரவள்ளியிலிருந்தும் ஸ்டார்ச் எடுக்கலாம். இவை எதிலும் சீலியாக் நோயாளியைத் தாக்கும் குளூட்டன் கிடையாது. கோதுமை ஸ்டார்ச் அரிது என்றாலும் இல்லாமல் இல்லை.

மருந்தல்லாத பகுதியைச் 'செயலற்றது' என்று மருந்தியல் அழைக்கிறது. அதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1960-களின் இறுதியில் நடந்தது சாட்சி. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் கேப்சூலில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனாலும் நோயாளிகள் தள்ளாடினார்கள். பார்வை இரண்டாகத் தெரிந்தது. ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பழைய நிரப்பி மருந்து உடலில் ஏறுவதைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டிருந்தது, புதியது தடுக்கவில்லை என்பதே விளக்கம்.

2019-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் அமெரிக்கச் சந்தையில் உள்ள 42,000-க்கும் மேற்பட்ட வாய்வழி மருந்துகளின் துணைப்பொருள் பட்டியலை அலசினார்கள். அவற்றில் ஏறத்தாழ 45 சதவீத மருந்துகளில் லாக்டோஸ் இருந்தது. ஒவ்வாமையோ எரிச்சலோ உண்டாக்கக்கூடிய பொருள் ஏதாவது ஒன்றாவது 90 சதவீதத்துக்கும் அதிகமான மருந்துகளில் இருந்தது. அந்த ஆய்வுக்கு வித்திட்டவர் ஒரு சீலியாக் நோயாளி. ஒமிப்ரசோல் எழுதிக் கொடுத்த பிறகு அவருக்கு உடல்நிலை மோசமானது. அந்த மருந்தில் கோதுமையிலிருந்து வந்த பொருள் இருந்ததை, ஆய்வாளர்களில் ஒருவரான மருத்துவர் ஜியோவானி டிராவெர்சோ பிறகுதான் அறிந்தார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பயப்படுவதற்கு முன் ஒரு கணக்கு. எவ்வளவு குளூட்டன் குடலைக் கெடுக்கும்? இத்தாலிய ஆய்வாளர் கார்லோ கட்டாசியின் குழு 2007-ல் இதற்கு விடை தேடியது. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த சீலியாக் நோயாளிகளுக்குத் தினம் ஒரு கேப்சூல் வீதம் 90 நாள் கொடுத்தார்கள். சிலருடையதில் 50 மில்லிகிராம் குளூட்டன், சிலருடையதில் 10 மில்லிகிராம், மற்றவர்களுடையதில் ஒன்றுமில்லை. 50 மில்லிகிராம் எடுத்தவர்களின் குடலுறிஞ்சிகள் தேய்ந்தன. 10 மில்லிகிராமில் அப்படித் தெளிவான சேதம் தெரியவில்லை. ஆனால் ஒருவருக்கு நோய் திரும்பி, ஆய்விலிருந்து விலகினார். எனவே ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு, எல்லோருக்கும் அல்ல.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மருந்துக்கான கோதுமை ஸ்டார்ச்சில் மொத்தப் புரதம் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய மருந்துத் தர நூலின் விதி. அந்த வரம்புக்குள் குளூட்டன் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகாது என்று கொள்கிறார்கள். 500 மில்லிகிராம் எடையுள்ள ஒரு மாத்திரை முழுக்க முழுக்கக் கோதுமை ஸ்டார்ச்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு மாத்திரை கிடையாது, ஆனாலும் வைத்துக்கொள்வோம். அதிலுள்ள குளூட்டன் 50 மைக்ரோகிராம். 10 மில்லிகிராமை எட்ட ஒரே நாளில் 200 மாத்திரை விழுங்க வேண்டும். 'குளூட்டன் இல்லை' என்று முத்திரை குத்திய உணவில் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை இருக்கலாம் என்பது இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சட்டம். அந்த வரம்பைத் தொடும் ரொட்டியை 100 கிராம் சாப்பிட்டால் 2 மில்லிகிராம், அதாவது நம் கற்பனை மாத்திரை 40-க்குச் சமம். ஒரு சப்பாத்தியிலோ ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அது 40,000 மாத்திரைக்குச் சமம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.யும் இதே திசையில்தான் பேசுகிறது. கோதுமை மாவையோ குளூட்டனையோ வேண்டுமென்றே சேர்த்த வாய்வழி மருந்து எதுவும் அங்கே விற்பனையில் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும், கோதுமையிலிருந்து வந்த துணைப்பொருள் இருந்தால்கூட குளூட்டன் ஒரு மாத்திரைக்கு அரை மில்லிகிராமைத் தாண்டாது என்றும் 2017 டிசம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில் சொன்னது.

ஆக, அளவு என்ற கேள்விக்கு விடை நிம்மதியானது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கையிலிருக்கும் இந்த மாத்திரையில் எந்தத் தானியம் என்று நோயாளி உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி குறைவாகவே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் தேவையற்ற பீதியும், இன்னொரு பக்கம் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்ற அலட்சியமும் வளர்கின்றன.

நாட்டுக்கு நாடு ஒரு விதி

ஐரோப்பாவில் கோதுமை ஸ்டார்ச் சேர்த்தால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். ஒரு மாத்திரையில் அதிகபட்சம் எத்தனை மைக்ரோகிராம் குளூட்டன் என்பதை உள்ளே வைக்கும் தாளில் எழுத வேண்டும். சீலியாக் நோயாளிக்குத் தொந்தரவு வர வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் கோதுமை ஒவ்வாமை உள்ளவர் எடுக்கக் கூடாது என்று இரண்டையும் பிரித்தும் சொல்ல வேண்டும். இது நல்ல பிரிப்பு. ஒவ்வாமை என்பது கோதுமைப் புரதத்துக்கு உடல் உடனடியாகக் காட்டும் எதிர்ப்பு. அது வேறு நோய். அதன் கணக்கும் வேறு.

அமெரிக்காவில் உணவுப் பொட்டலத்தில் கோதுமை இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று 2004-லேயே சட்டம் வந்துவிட்டது. மருந்துக்கு அது பொருந்தாது. மருந்துக்கும் கட்டாயமாக்கக் கோரி டிம் ரயன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 2019-ல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. எனினும் அங்கே துணைப்பொருள்களின் பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கலாம். தேசிய மருத்துவ நூலகத்தின் 'டெய்லிமெட்' தளத்தில் மருந்து வாரியாக இருக்கிறது.

இந்தியாவில் அந்த வசதி எட்டவில்லை. விற்பனையில் முன்னணியில் உள்ள 300 மருந்துகளின் அட்டையில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூ.ஆர். குறியீடு கட்டாயம். ஆனால் அதற்காக அப்போது சட்டம் கேட்ட விவரங்கள் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதித் தேதி, உரிம எண் போன்றவை. போலி மருந்தைப் பிடிக்க அது உதவும். மாவின் பெயரைத் தேட அந்த விவரங்கள் உதவவில்லை.

எப்படிச் சரிபார்ப்பது?

ஓர் அமெரிக்க மருந்துத் தாளைப் படித்துப் பழகுவோம். சின்த்ராய்டு என்ற லெவோதைராக்சின் மாத்திரையின் துணைப்பொருள்கள்: அகேசியா பிசின், மாவுச் சர்க்கரை, லாக்டோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட், போவிடோன், டால்க். மாவுச் சர்க்கரைக்குப் பக்கத்திலேயே 'மக்காச்சோள ஸ்டார்ச் உள்ளது' என்று விளக்கம் தந்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது இந்த ஒரு விளக்கம்தான். அது இல்லாமல் வெறுமனே 'சர்க்கரை' என்றிருந்தால், உள்ளே ஸ்டார்ச் இருப்பதே தெரிந்திருக்காது.

பட்டியல் கிடைத்தால் கண் நிற்க வேண்டிய இடங்கள் சிலவே. 'ஸ்டார்ச்', 'ப்ரீஜெலட்டினைஸ்டு ஸ்டார்ச்', 'மாடிஃபைடு ஸ்டார்ச்', 'சோடியம் ஸ்டார்ச் கிளைக்கலேட்' இவற்றுக்கு மூலப்பயிரைக் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் உருளைக்கிழங்கிலிருந்து வருவது. 'டெக்ஸ்ட்ரின்' என்றாலும் கேட்டுவிடலாம். மெக்னீசியம் ஸ்டியரேட், டைட்டானியம் டையாக்சைடு, செல்லுலோஸ் வகைகள், போவிடோன், லாக்டோஸ், மானிடால் இவற்றைத் தாண்டிப் போய்விடலாம். ஊசிமருந்தைப் பற்றியும் தோலில் பூசும் களிம்பைப் பற்றியும் கவலை வேண்டாம். குளூட்டன் குடலைத் தொட்டால்தான் சேதம்.

பட்டியல் இல்லாதபோது தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். அட்டையிலோ பெட்டியிலோ தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். 'உங்கள் மருந்து குளூட்டன் ஃப்ரீயா?' என்று கேட்டால் பெரும்பாலும் 'நாங்கள் அப்படிச் சான்றளிப்பதில்லை' என்ற பதில்தான் வரும். பரிசோதனை செய்யாத எதற்கும் உத்தரவாதம் தர நிறுவனத்தின் சட்டப் பிரிவு விடாது. அந்தப் பதிலுக்குக் குளூட்டன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: இந்த மாத்திரையில் ஸ்டார்ச் இருக்கிறதா? இருந்தால் எந்தப் பயிரிலிருந்து? கோதுமை, பார்லி, ரை மூன்றில் ஏதாவது ஒன்றிலிருந்து வந்த பொருள் சேர்க்கிறீர்களா? இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியும். எஃப்.டி.ஏ. தன் வரைவில் நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்த வாசகமும் 'குளூட்டன் இல்லை' என்பதல்ல. 'குளூட்டன் உள்ள தானியத்திலிருந்து தயாரித்த பொருள் எதுவும் இல்லை' என்பதுதான்.

கேட்கும்போது மருந்தின் வணிகப் பெயர், மில்லிகிராம் அளவு, மாத்திரையா கேப்சூலா சிரப்பா என்பது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரே மருந்தை இருபது நிறுவனம் தயாரிக்கும்; ஒவ்வொன்றின் துணைப்பொருளும் வேறு. மருந்துக்கடையில் 'அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதே காம்பினேஷன்தான்' என்று வேறொன்றைத் தந்தால், மருந்து அதேதான். மாவு அதேதான் என்று சொல்ல முடியாது. ஆகவே சரிபார்த்த ஒரு தயாரிப்பிலேயே தொடர்வது நல்லது. மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் வணிகப் பெயரையே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பதில் வரும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். இது இந்த அத்தியாயத்தின் மிக முக்கியமான வரி. வலிப்பு மருந்தையோ ரத்த அழுத்த மருந்தையோ திடீரென நிறுத்தினால் வரும் ஆபத்து, சில மைக்ரோகிராம் குளூட்டனால் வருவதைவிட எத்தனையோ மடங்கு பெரிது.

தவறான இடத்தில் தேடுவது

மாத்திரை போட்டதும் வயிறு கலங்கினால் சீலியாக் நோயாளியின் சந்தேகம் முதலில் குளூட்டன் மீதுதான் விழும். குற்றவாளி மருந்தாகவே இருக்கலாம். மெட்ஃபார்மினும் பல ஆன்டிபயாடிக்குகளும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்குக் குடலுறிஞ்சிகளோடு சேர்ந்து லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குறைந்திருக்கும். குடல் ஆறும்வரை பாலே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இன்னும் விசித்திரமான ஒன்று உண்டு. 2012-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 22 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கடும் வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, குடலுறிஞ்சிகள் தேய்மானம் என்று எல்லாம் சீலியாக் போலவே இருந்தன. கோதுமையை விலக்கியும் பலனில்லை. எல்லோரும் ரத்த அழுத்தத்துக்கு ஓல்மெசார்டன் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மருத்துவர்கள் அதை நிறுத்தியதும் குணமானார்கள். மறு ஆண்டே எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. நம் நாட்டிலும் பரவலாக எழுதப்படும் மருந்து இது. பாதிப்பு அரிதுதான். ஆனாலும் கட்டுப்பாட்டுக்கு அடங்காத 'சீலியாக்' ஒருவருக்கு இருந்தால், மருந்துச் சீட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று மருத்துவரோடு சேர்ந்து பார்ப்பது நல்லது.

மாத்திரையில் மைக்ரோகிராமைத் தேடும் வீட்டில், அடுக்களை அலமாரி சோதனையில்லாமல் தப்பிவிடுவதும் உண்டு. உடம்பு தேறட்டும் என்று பிள்ளைக்கு ஆற்றித் தரும் ஹார்லிக்ஸில் பார்லி மால்ட்டும் கோதுமையும் இருக்கின்றன. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம், டப்பாவில் எழுதியிருக்கும். அரிசிச் சோறும் சாம்பாரும் மட்டுமே சாப்பிடுகிறவரின் தட்டுக்கும் குளூட்டன் இந்த வழியாக வந்துவிடும். ப்ரூவர்ஸ் ஈஸ்ட், கோதுமை முளை, மால்ட் சாறு சேர்ந்த சத்து மாத்திரைகளும் டானிக்குகளும் இதே வகை. மருந்துக்கடையில் வாங்குவதாலேயே அவற்றை மருந்து என்று எண்ணி, மேலே போட்ட கணக்கை அவற்றுக்கும் பொருத்தக் கூடாது. அங்கே பேச்சு மைக்ரோகிராமில் நிற்காது.

இத்தனையும் பார்த்த பிறகும் ஐயம் தீராவிட்டால், ரத்தத்தைக் கேட்கலாம். டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருளின் அளவு, குளூட்டன் உள்ளே போவது நின்றதும் மாதக்கணக்கில் படிப்படியாக இறங்கும். குடல் முழுதாக ஆறிவிட்டது என்று அது நிரூபிக்காது. ஆனால் அளவு இறங்கிக்கொண்டே வந்தால், மாத்திரை உட்பட வாயில் போடும் எல்லாவற்றிலும் சேர்த்துக் குளூட்டன் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இறங்க மறுத்தால் முதலில் அடுக்களையைப் பாருங்கள். அடுத்து டானிக்கையும் சத்துப் பொடியையும். மாத்திரையின் முறை அதற்குப் பிறகுதான்.